டிஆர் பிளான்: புரோகிராம் மேனேஜர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேரிடர் மீட்புத் திட்டம் என்று சொல்லலாம். ஆனால் ஆபீஸில் எல்லாரும் டிஆர் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கிளையன்டுக்காகப் பத்துப் பன்னிரண்டு புராஜெக்ட்டுகளைச் சேர்த்து மேய்க்கும் புரோகிராம் மேனேஜர் வேலையில் பல வருடம் இருந்தேன். 2015 வெள்ளம், 2016 வர்தா, 2020 ஊரடங்கு, 2023 மிக்ஜாம் நாலையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தாயிற்று. புதிதாக அந்த வேலைக்கு வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

சர்வர், பேக்கப் எல்லாம் இன்ஃப்ரா டீம் பார்க்கிறது. புரோகிராம் மேனேஜருக்கு இதில் என்ன வேலை?

சர்வரை எழுப்புவது அவர்கள் வேலைதான், அதில் தலையிட வேண்டாம். ஆனால் எந்த சர்வரை முதலில் எழுப்புவது, எழுந்த பிறகு அதில் வேலை பார்க்க யார் இருக்கிறார்கள், கிளையன்டுக்கு யார் போன் போடுவது என்று கேட்டால் இன்ஃப்ரா டீம் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

2015 டிசம்பர் 2ஆம் தேதி தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு வரவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகை அது. முந்தின நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. எந்திரம் நின்றால் என்ன செய்வது என்று எவ்வளவு நன்றாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாலும் இந்த நிலைமைக்கு அதில் பதில் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. புரோகிராமில் பத்து புராஜெக்ட் இருந்தால் பத்து டிஆர் டாக்குமென்ட் இருக்கும். தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் லட்சணமாக இருக்கும். பாலிசி சிஸ்டம் நாலு மணி நேரத்தில் வந்துவிடும் என்று ஒன்று சொல்லும். அதற்குள் நுழைய லாகின் சர்வர் வேண்டும். லாகின் சர்வர் இன்னொருவர் டாக்குமென்ட்டில் எட்டு மணி நேரம் என்று இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். டிஆரில் உங்கள் வேலை பெரும்பாலும் இந்த இரண்டு டாக்குமென்ட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பிசிபியும் டிஆரும் ஒன்றா?

இல்லை. சிஸ்டங்களைத் திரும்பக் கொண்டுவருவது டிஆர். அவை வரும்வரை வியாபாரத்தை எப்படியாவது ஓட்டுவது பிசிபி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் பிசிபி. பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சரிசெய்தவர்கள் பார்த்தது டிஆர். ஆடிட்டர் கேட்டால் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். திட்டமிடும்போது ஒரே மேஜையில் வைத்துப் பேசுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

பிஐஏ என்ற படிவத்தோடுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். எந்த வேலை நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெடுப்பது அது. அந்தப் படிவத்தில் 'உங்கள் அப்ளிகேஷன் முக்கியமானதா?' என்று ஒரு கேள்வி இருக்கும். அதைக் கேட்டால் கேன்டீன் டோக்கன் சிஸ்டத்துக்காரர்கூட ஆமாம் என்றுதான் டிக் அடிப்பார்.

நான் வேறு மாதிரி கேட்பேன். நாளைக் காலை இது வேலை செய்யவில்லை என்றால் முதலில் போன் அடிப்பது யார்? எத்தனை மணிக்கு அடிப்பார்? அவருக்கு அதுவரை என்ன சொல்லிச் சமாளிப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கினால் பட்டியல் தானாகவே வரிசைக்கு வந்துவிடும். பதினொரு மணிவரை யாரும் போன் அடிக்காத ஒரு 'அதிமுக்கிய' சிஸ்டம் எங்களிடமே இருந்தது.

காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பள சாஃப்ட்வேர் மாதத்தின் 10ஆம் தேதி இரண்டு நாள் படுத்தால் யாருக்கும் தெரியாது. 29ஆம் தேதி இரண்டு மணி நேரம் படுத்தால் ஊரே கூடிவிடும். கணக்குப் பிரிவில் 7ஆம் தேதி டிடிஎஸ், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி. சென்னையில் பெருமழை பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வருகிறது. அதே மாதங்களில்தான் வெளிநாட்டு கிளையன்டுகளின் வருடக் கடைசி வேலையும் குவியும். இந்த இரண்டும் ஒன்றாக வருவதைத் திட்டத்தில் எழுதியே வைத்துவிடலாம், ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆர்டிஓ, ஆர்பிஓ என்கிறார்களே, எளிமையாகச் சொல்லுங்களேன்.

ஆர்டிஓ என்றதும் லைசென்ஸ் ஆபீஸ் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, அங்கே போலவே இங்கேயும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நேரம் காக்க வேண்டும்? சிஸ்டம் நின்ற நொடியிலிருந்து திரும்ப ஓடும்வரை எத்தனை மணி நேரம் பொறுக்கலாம் என்பது ஆர்டிஓ. ஆர்பிஓ பின்பக்கமாகப் பார்ப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப் எடுத்தீர்கள், காலை பதினொன்றுக்கு டிஸ்க் போனது என்றால் நடுவில் ஒன்பது மணி நேர ஆர்டர்கள் காற்றில் போயின. அந்த இழப்பைத் தாங்க முடியுமா, முடியாதா என்பதே ஆர்பிஓ.

இதுவரை எல்லாப் பாடத்திலும் இருக்கும். புரோகிராம் மேனேஜர் பார்க்க வேண்டியது கூட்டல் கணக்கு. லாகின் எழ 2 மணி நேரம், அதன் பிறகே டேட்டாபேஸ் 4 மணி நேரம், அதன் மேல் அப்ளிகேஷன் 4 மணி நேரம், கடைசியில் வங்கியோடு கணக்கு ஒத்துப்பார்க்க 3 மணி நேரம். ஒவ்வொரு டீம் லீடும் 'என்னுடையது நாலு மணி நேரத்துக்குள்' என்று கையெழுத்துப் போட்டிருப்பார், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் பணம் பார்க்க 13 மணி நேரம் ஆகும். இத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று நீங்கள் கிளையன்டுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தமான எஸ்எல்ஏவில் என்ன இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

ஆர்பிஓவிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். ஒரு சிஸ்டம் காலை 10 மணி நிலைக்கும், அதற்குத் தரவு அனுப்பும் இன்னொன்று காலை 6 மணி நிலைக்கும் திரும்பினால் நடுவில் நாலு மணி நேர ரசீதுகள் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இதைக் கையால் ஒத்துப்பார்க்க ஆகும் நேரத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

தினமும் பேக்கப் எடுக்கிறோமே, போதாதா?

எடுப்பது சரி, திருப்பிப் போட்டுப் பார்த்தது எப்போது?

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரவு நேரத்தில், நகல் டேட்டாபேஸ் என்று நினைத்து அசல் டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. தினசரி பேக்கப் எடுக்கும் புரோகிராம் பழைய வெர்ஷன், அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களை மெயில் சர்வர் ஏற்கவே இல்லை. பேக்கப் போய்ச் சேர வேண்டிய கிளவுட் இடம் காலியாகக் கிடந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஏதோ சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இதையெல்லாம் அவர்களே வெளியில் சொன்னார்கள், சரிசெய்வதை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் முதல் மெயிலே 'இதை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்' என்றுதான் இருக்கும்.

இடமும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்பை அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் போயிற்று. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் தீ. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி டிரைவ் அழிந்தது, 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியில் நகலே இல்லை.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய 3-2-1 கணக்கு இன்றைக்கும் போதும். அதோடு மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு டேபிளை நீங்களே தேர்ந்தெடுத்து, இதைப் போன செவ்வாய்க்கிழமை நிலைக்குக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். பேக்கப் ரிப்போர்ட்டில் இருக்கும் பச்சை டிக்கைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டு வராதீர்கள்.

கிளவுடுக்குப் போய்விட்டோம். அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

கட்டடம், மின்சாரம், வன்பொருள் அவர்கள் பாடு. உங்கள் தரவு, உங்கள் அமைப்பு, இன்னொரு ரீஜனில், அதாவது அவர்களுடைய வேறொரு ஊர் டேட்டா சென்டர்களில், நகல் வைப்பது எல்லாம் உங்கள் பாடு, அதற்குத் தனியாகக் காசும் கட்ட வேண்டும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையோடு 2022 நவம்பரிலிருந்து ஹைதராபாதும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் புனே, சென்னை, மும்பை மூன்றிலும் திறந்தது. ஆக, நாட்டை விட்டுத் தரவு போகக் கூடாது என்கிற கிளையன்டுக்கும் வழி இருக்கிறது. இரண்டாவது ரீஜனுக்கு யாராவது பணம் கட்டியிருக்கிறார்களா என்பதை பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஆர்க்கிடெக்சர் படத்தைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். படத்தில் இரண்டு பெட்டி இருக்கும், பில்லில் ஒன்றுதான் இருக்கும்.

மாற்று இடம் எங்கே வைப்பது?

தரமணியில் ஆபீஸ், சிறுசேரியில் டிஆர் என்று வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஓஎம்ஆர், ஒரே மழை, ஒரே மின் தடை. மாற்று இடம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்கும். மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தை தன் டிஆர் சைட்டைச் சென்னையில் வைத்திருக்கிறது.

நமக்கெல்லாம் முதலில் தோன்றுவது பெங்களூரு. 2015இல் அது உண்மையிலேயே உதவியது, நிறைய கம்பெனிகள் ஆட்களைப் பஸ் வைத்து அங்கே அனுப்பின. ஒன்பது மாதம் கழித்து, 2016 செப்டம்பர் 12 அன்று, காவிரிப் பிரச்சினையில் அதே பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன, நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு போட்டார்கள். அந்த வாரம் பெங்களூரு டீமுக்குச் சென்னைதான் டிஆர். ஆகவே இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று காப்பு என்று வைக்கும்போது, நடுவில் இருக்கும் சாலையையும் ஒரு சிஸ்டமாகவே எண்ணுங்கள்.

2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. நாலு மணி நேரம். மாற்று நகரத்தில் வாடகை கட்டி வைத்திருந்த நூறு சீட்டும் அன்று வீண், ஏனென்றால் எல்லா நகரமும் ஒரே நேரத்தில் மூடின. டெஸ்க்டாப்புகளைப் போர்வையில் சுற்றி டாக்ஸியில் ஏற்றி வீடு வீடாக அனுப்பினோம். இடம் என்பது ஒரு கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வாரத்தோடு போய்விட்டது.

ஆட்களே வர முடியாவிட்டால்?

இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலான திட்டங்களில் பக்கமே இல்லை.

2015 டிசம்பர் 2 காலை எங்களுக்கு ஒரு டிஆர் டாக்குமென்ட் இருந்தது. 94 பக்கம். அதில் எல்லார் போன் நம்பரும் இருந்தது. டாக்குமென்ட் இருந்த இடம் ஆபீஸ் சர்வர், ஆபீஸில் கரன்ட் இல்லை. கைபேசி கோபுரங்களும் படுத்துவிட்டதால் என் போனில் இருந்த பத்துப் பதினைந்து நம்பர்களிலும் பாதி கிடைக்கவில்லை. அன்று எங்களுக்குக் கைகொடுத்தது டிரான்ஸ்போர்ட் மேஜையில் இருந்த டிரிப் ஷீட். நைட் ஷிஃப்ட் கேப் டிரைவர்களுக்காக அச்சடித்து கிளிப் போட்டு வைக்கும் தாள். பெயர், தெரு, 'பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து' என்று அடையாளம், வீட்டு நம்பர் எல்லாம் அதில் இருந்தது. லேண்ட்லைன் வைத்திருந்த வீடுகளை முதலில் பிடித்தோம். செக்யூரிட்டி அண்ணன் டார்ச் அடித்து வாசிக்க வாசிக்க, நான் யார் பாதுகாப்பாக இருக்கிறார்கள், யார் மாடியில் நிற்கிறார்கள், யாரைப் பற்றி எதுவுமே தெரியவில்லை என்று மூன்று பத்தியாக எழுதிக்கொண்டேன். மதியம் வரை சர்வரைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசியிருந்தாலும் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம் தெரிந்தது. மீட்பு வேலைக்கு என்று பெயர் போட்டு வைத்திருந்த பன்னிரண்டு பேரில் ஏழு பேர் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இருந்தார்கள். ஆபீஸுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தோம், சீக்கிரம் வருவார்கள் என்று. ஆபீஸைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது அவர்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். அதற்குப் பிறகு முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், இரண்டு பேரின் பின்கோடும் வேறு, முடிந்தால் ஊரே வேறு என்று வைத்தேன். எக்ஸெல்லில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தால் போதும். உங்கள் பட்டியலில் இன்றைக்கே செய்து பாருங்கள், சிரிப்பு வரும் அல்லது வயிற்றைக் கலக்கும்.

இது பேரிடர் என்று யார் அறிவிப்பது?

ஒருவர் பெயர், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் பெயர், அதற்கு மேல் ஒரு கடிகாரம், அதாவது இத்தனை நிமிடத்துக்குள் என்ற கெடு. இந்த மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழு முடிவு செய்யும் என்று எழுதினால் குழு கான்ஃபரன்ஸ் காலில் உட்கார்ந்து 'இன்னும் பத்து நிமிடம் பார்ப்போமே' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு. வழக்கமாக மாலை 3.30க்கு மூடும் சந்தை, அன்று 3.45க்குத்தான் திரும்பத் திறந்து 5 மணிவரை நடந்தது. நடுவில் நாலு மணி நேரம் டிஆர் சைட்டுக்கு மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி கேட்டது. அடுத்த மாதமே புது விதி வந்தது: முக்கிய சிஸ்டம் நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் டிஆரில் ஓட வேண்டும், 15 நிமிடத் தரவுக்கு மேல் இழக்கக் கூடாது.

அந்த முதல் 30 நிமிடம்தான் எனக்குப் பிடித்தது. தொழில்நுட்பம் எல்லாரிடமும் இருக்கிறது. மாறிவிட்டுப் பிறகு 'சும்மாவே மாறினார்கள்' என்று பேச்சு வாங்க வேண்டுமே என்கிற பயம்தான் கையைக் கட்டுகிறது. அதனால் உங்கள் திட்டத்தில், நல்லெண்ணத்தோடு அறிவித்துவிட்டு அது தேவையில்லாமல் போனாலும் அறிவித்தவர் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்று ஒரு வரி சேர்த்து, மேலதிகாரி கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு வரிதான், அதை வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

வென்டர்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

டீசலில் ஆரம்பியுங்கள். ஜெனரேட்டர் எட்டு மணி நேரம் ஓடும், அதற்குள் டீசல் வந்துவிடும் என்று இருக்கும். கொண்டுவரும் ஆள் யார் என்று விசாரித்தால், அந்த ஐடி பார்க்கில் இருக்கும் அத்தனை கம்பெனிக்கும் அவரேதான் சப்ளை. ஜெனரேட்டர் எங்கே என்று கேட்டால் பேஸ்மென்ட். எரிபொருள் பம்பு? அதுவும் பேஸ்மென்ட்.

சாஃப்ட்வேர் வென்டருக்கும் இதே விசாரணை வேண்டும். அவர்களுடைய டிஆர் சான்றிதழைக் கேட்டால் ஐஎஸ்ஓ 22301 என்ற தரச் சான்றிதழைப் பிடிஎஃப்பாக அனுப்புவார்கள். வாங்கி வையுங்கள், நல்லதுதான். அதோடு கடைசி டிரில்லில், அதாவது ஒத்திகையில், என்ன தோற்றது என்றும் கேளுங்கள். எதுவும் தோற்கவில்லை என்று சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஒப்பந்தத்தில், யாரும் எதிர்பாராத பேரிடர் வந்தால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் ஃபோர்ஸ் மஜூர் பகுதியை வக்கீலோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். வடகிழக்குப் பருவமழை வருடா வருடம் வருகிறது, அதை யாரும் எதிர்பாராத ஒன்று என்று எழுதி இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரேன்சம்வேருக்கும் இதே திட்டம் போதுமா?

போதாது. தரவைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் வைரஸ் அது. வெள்ளத்தில் மாற்று சைட் தப்பித்துவிடும். வைரஸ் நெட்வொர்க் வழியாக அங்கேயும் போய்விடும். நகல் எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடுகிறதோ, கெட்டுப்போன தரவும் அவ்வளவு சுறுசுறுப்பாக அங்கே போய்ச் சேரும்.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியதில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. யார் யாருக்கு எதில் அனுமதி என்று வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் சுமார் 150, ஒன்றின் நகல் மற்றொன்று என்றே அமைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம் கேட்டால் நம்மவர்களுக்குப் பிடிக்கும்: அந்த நேரம் அங்கே கரன்ட் கட். அங்கிருந்து பிரிட்டனுக்குக் கோப்பை அனுப்ப இணைய வேகம் போதவில்லை, கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து, ஹார்டு டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் லண்டன் போனார். அதன் பிறகு பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களைப் புதிதாக நிறுவினார்கள்.

ஆக ஒரு நகலாவது நெட்வொர்க் இணைப்பே இல்லாமல் இருக்க வேண்டும். கரன்ட் கட்டை நம்பி உட்கார முடியாது.

டிரில் எத்தனை முறை, எப்படி?

வங்கி, நிதி நிறுவன கிளையன்ட் என்றால் கேள்விக்கே இடமில்லை. ரிசர்வ் வங்கியின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்படி முக்கிய சிஸ்டங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும். மற்றவர்களும் அதையே பின்பற்றலாம்.

எப்படி என்பதில்தான் ஏமாற்று நடக்கும். சனிக்கிழமை, மூன்று வாரம் முன்னறிவிப்பு, கெட்டிக்காரர்கள் எல்லாரும் கான்ஃபரன்ஸ் காலில், டிஆரில் ஒரு லாகின் செய்து ஸ்கிரீன்ஷாட், சுபம். இது டிரில்லே இல்லை, போட்டோ ஷூட். நான் இரண்டு மாற்றம் செய்வேன். டிரில் தொடங்கியதும் ஒரு சீட்டு எடுப்பேன், அதில் யார் பெயர் வருகிறதோ அவர் அன்று 'தொடர்பில் இல்லை', பேசக் கூடாது. எப்போதும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் அந்த ஒரு ஆள் இருப்பாரே, முதல் தடவை அவர் பெயர் வந்தது. நாற்பது நிமிடம் யாருக்கும் ஒரு பாஸ்வேர்டு தெரியவில்லை, அவர் வாயைப் பொத்திக்கொண்டு தவித்த தவிப்பு இருக்கிறதே! இரண்டாவது மாற்றம், டிஆரில் உண்மையான வேலையை ஒரு நாளாவது ஓட்டுவது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, பங்குச் சந்தைகள் சிறப்பு வர்த்தகம் நடத்தி, நடுவில் டிஆர் சைட்டுக்கு மாறி, உண்மையான காசில் ஓட்டிக் காட்டின.

திரும்பி வருவதையும் ஒத்திகை பாருங்கள். டிஆருக்குப் போக ஆசைப்பட்ட அளவுக்கு அங்கிருந்து அசல் சைட்டுக்குத் திரும்ப யாரும் யோசிப்பதில்லை. அங்கே சேர்ந்த புதுத் தரவை இங்கே கொண்டுவருவதுதான் கஷ்டமே.

மேலிடத்தில் பட்ஜெட் தர மறுக்கிறார்கள்.

பயமுறுத்தி வாங்கப் பார்க்காதீர்கள், அது ஒருமுறைதான் பலிக்கும். 2015க்கு அடுத்த வருடம் கேட்டதெல்லாம் கிடைத்தது. மூன்றாவது வருடம் அதே ஆட்கள் 'அதெல்லாம் நூறு வருடத்துக்கு ஒருமுறை' என்றார்கள்.

எனக்குப் பலித்தது ஒரு தாள். 'இந்த சிஸ்டம் மூன்று நாள் இல்லாமல் இருப்பதை ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, கீழே அபராதத் தொகை, அதன் கீழே கையெழுத்துக்கு இடம். பணம் வேண்டாம் சார், இதில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று நீட்டினேன். பேனாவை எடுத்தவர் மூடி வைத்துவிட்டு, ஒரு நாளாகக் குறைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். எல்லா சிஸ்டத்துக்கும் இதைச் செய்தால் எரிச்சலாகிவிடுவார்கள், மேலே இருக்கும் நாலைந்துக்கு மட்டும் போதும்.

டாக்குமென்ட் எத்தனை பக்கம் இருக்கலாம்?

ஆடிட்டருக்கு எத்தனை வேண்டுமானாலும். உங்களுக்கு ஒரு பக்கம், அச்சடித்து, வீட்டில் ஒன்று பையில் ஒன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனபோது, சரிசெய்ய வேண்டிய பொறியாளர்கள் உள்ளே பேசிக்கொள்ளும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில் படுத்திருந்தன, டேட்டா சென்டருக்குள் நுழையவே நேரம் பிடித்தது. உங்கள் திட்டம் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறதோ அது போகும்போது திட்டமும் சேர்ந்தே போகும்.

பதினைந்து பேர் உள்ள சின்ன கம்பெனி எங்களுடையது. இவ்வளவு வேண்டுமா?

வேண்டாம். டேலி தரவு வேறு ஊரில் ஒரு நகல், எல்லார் நம்பரும் ஒரு தாளில், வங்கி ஓடிபி வரும் போன் யாரிடம் இருக்கிறது, அது தண்ணீரில் விழுந்தால் அடுத்து யார். இது போதும். அந்த ஓடிபி போன் முக்கால்வாசி இடங்களில் முதலாளியின் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

எப்போது திருத்த வேண்டும்?

யாராவது வேலையை விட்டுப் போகும்போது, புது சிஸ்டம் லைவ் ஆகும்போது, அப்புறம் வருடா வருடம் செப்டம்பரில், மழைக்கு முன்னால். செப்டம்பரில் நான் செய்வது ஒன்றே ஒன்று: அந்த ஒரு பக்கத்தில் இருக்கும் நம்பர்களுக்கு வரிசையாகப் போன் அடிப்பேன். போன வருடம் 31 நம்பர். மூன்று பேர் கம்பெனியில் இல்லை. ஒன்று டீசல் சப்ளையருடையது, எடுத்தவர் தான் மூன்று வருடமாகத் திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்வதாகச் சொன்னார்.